முக்கால் மணி நேரத்தில் கோயமுத்தூர்

மதுரையிலிருந்து கோயமுத்தூருக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். நானாகச் சொல்லவில்லை, இணையத்தில் போட்டிருந்தது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் ஒரு வரைபடம் வருகிறது. இந்த ஊரில் ஒரு புள்ளி, அந்த ஊரில் ஒரு புள்ளி, நடுவில் வளைந்த ஒரு சிவப்புக் கோடு, கோட்டின் மேல் ஒரு குட்டி விமானம். கீழே தூரம், நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம், முக்கால் மணி. அதற்கும் கீழே, கோயமுத்தூரில் தங்குவதற்கு நல்ல ஓட்டல்கள். அந்தப் பாதையில் விமானமே ஓடவில்லை என்பதை மட்டும் அந்தப் பக்கம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

காளவாசலில் மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மத்தியானத்தில் கடையில் ஈ ஓட்டும்போது இந்த மாதிரி விஷயங்களைப் பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை தன் மகனுக்குக் காது குத்த நாள் குறித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பெற்ற அப்பன் எங்கே நின்றான் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மாமன் மடி இல்லையென்றால் அந்த விசேஷத்தைப் பற்றி அடுத்த விசேஷம் வரைக்கும் பேசுவார்கள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது நான் பஸ்ஸில்தான் போனேன். போகிற வழியில் கடையை ஐந்து நிமிடம் திறந்து ஒரு விவசாயிக்கு மோட்டார் பேரிங் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பேரிங்தான். அதற்குள் இன்னொருவர் வந்தார், அவர் பின்னால் இன்னொருவர். நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. என் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காதுகுத்தி முடித்திருந்தார்கள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கித் தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பெரியப்பா மகன் அதில் பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறான். தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னாள். போன வருடம் அந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்கு யாரோ அதே போட்டோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு வாழ்த்தினார்கள். நான் அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆகவே இந்தத் தடவை தங்கையும் மாப்பிள்ளையும் பத்திரிகையும் வெற்றிலை பாக்குமாகக் கோச்சடையில் என் வீட்டுக்கு வந்தபோது நான் முந்திக்கொண்டேன்.

“நான் பிளைட்ல வாரேன் மாப்ள. முக்கா மணி நேரம். இங்க ஏறி ஒக்காந்தா அங்க எறங்கிருவேன்.”

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆட்கள்தான். இரண்டு தலைமுறைக்கு முன் மில் வேலைக்குக் கோயமுத்தூர் போனவர்கள். வேலையோடு மரியாதையும் பேச்சில் ஒட்டிக்கொண்டது. “பஸ்ஸுல அஞ்சு மணி நேரந்தானுங்களே மச்சான்” என்றார். அந்த ‘ங்க’வில் ஒரு சந்தேகம் ஒளிந்திருந்ததாக எனக்குப் பட்டது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையை என் கையில் வைத்து, “வெள்ளிக்கிழம, ஒம்பதே காலுல இருந்து பத்தே காலு. மறந்துராதண்ணே” என்றாள்.

டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மதுரையிலிருந்து கோயமுத்தூர் போகும் விமானங்கள் எல்லாமே சென்னை வழியாகப் போயின. ஒரு மணி நேரம் சென்னைக்கு, அங்கே இரண்டரை மணி நேரம் நாற்காலியில், பிறகு இன்னொரு மணி நேரம் கோயமுத்தூருக்கு. மேற்கே இருக்கிற ஊருக்கு வடக்கே போய்த் திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் பஸ்ஸே தேவலை என்று வந்தது. அதற்குள் காளவாசல் டீக்கடையிலிருந்து என் மாமியார் வீடு வரைக்கும் முக்கால் மணிக் கணக்கைச் சொல்லி முடித்திருந்தேன். சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது? வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டில் இருக்கும்படி டிக்கெட் போட்டேன். சென்னை என்ற பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை.

என் மனைவி காலண்டரைப் பார்த்துவிட்டு அடுத்த குண்டைப் போட்டாள். வியாழக்கிழமை கரிநாள்.

“அன்னிக்கிப் பயணம் கெளம்பக் கூடாதுங்க.”

“டிக்கெட் போட்டாச்சுடி.”

“அப்ப பரஸ்தானம் வச்சிரணும்.”

நாள் சரியில்லாதபோது எங்கள் வீட்டில் இதுதான் வழி. பயணத்துக்கு வேண்டிய பையை முதல் நாளே நல்ல நேரத்தில் வீட்டை விட்டுக் கிளப்பி வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் எந்த எமகண்டத்திலும் போய்ப் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே நிபந்தனை, கிளம்பிய பை மறுபடி வீட்டுப் படி ஏறக் கூடாது. விதியை ஏமாற்றுவதற்கு இதைவிட எளிய ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. வருமான வரிக்காரர்களிடம் இது செல்லுபடியாகாது என்பது ஒன்றுதான் குறை.

“சும்மா பழைய வேட்டியத் திணிச்சு அனுப்பக் கூடாது. எது இல்லாமப் பயணம் நடக்காதோ அது உள்ள இருக்கணும். அப்பத்தான் நீங்க கெளம்புனதா அர்த்தம்” என்று சொல்லி, மருமகனுக்கான பட்டு வேட்டி, தங்கக் கடுக்கன், வெற்றிலை, பாக்கு எல்லாவற்றோடும் என்னுடைய ஆதார் அட்டையையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். காத்துக் கருப்பு அண்டாமலிருக்க இரும்பு ஒன்று வேண்டுமென்று ஒரு பாக்குவெட்டியையும் போட்டாள். புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் பையை வில்லாபுரத்தில் இருக்கும் என் சிநேகிதன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். விமான நிலையத்துக்குப் போகிற வழியில்தான் அவன் வீடு. மனைவியும் பிள்ளைகளும் அதே நல்ல நேரம் முடிவதற்குள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, சாயங்காலக் காபிக்குக் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சிநேகிதனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவனுக்குச் சேலை வியாபாரம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் என்னைவிட நல்ல மதுரைத் தமிழ். அவனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கேட்காமலே உதவி செய்வான்.

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டாக்ஸியில் கிளம்பினேன். கிளம்பியதும் என் அத்தைக்குப் போன் போட்டு, பிளைட்டில் போகிறேன் என்று சொன்னேன். பிறகு சித்தப்பாவுக்கு. பிறகு கடைக்குப் பக்கத்துக் கடைக்காரருக்கு. அவர் பெயிண்டு வியாபாரி, நான் எதில் போனாலும் அவருக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் சொன்னேன். இடையில் சிநேகிதன் நாலு தடவை கூப்பிட்டதைப் பார்த்தேன். நேரில்தானே போகிறோம் என்று எடுக்கவில்லை.

வில்லாபுரத்தில் அவன் வீடு பூட்டியிருந்தது. நான் கூப்பிட்டேன்.

“எங்கடா போன?”

“நீ எங்கடா போன? ஒன் வீட்டு வாசல்லதான் மாப்ள நிக்கேன். பாவம் எதுக்கு அலையணும்னு பையக் கொண்டாந்தேன். போன எடுக்க மாட்டியா?”

என் பை கோச்சடையில். நான் வில்லாபுரத்தில்.

“சரி விடு, கீழ் வீட்ல சாவி இருக்குமே, உள்ள வச்சிரட்டுமா? நீ திரும்பி வந்து எடுத்துக்க.”

“டேய்! படியில கால வைக்காத! பை வீட்டுக்குள்ள போச்சுன்னா எல்லாம் போச்சு!”

“அப்ப நான் என்ன செய்ய, ரோட்டுலயே நிக்கவா?”

“அங்கிட்டு இருந்து கெளம்பு மொதல்ல. இங்க வா. நான் ஒன் வாசல்ல நிக்கேன்.”

போனை வைக்கும் முன் தன்னோடு வந்திருந்த மனைவியிடம் தன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னான். எனக்கு அந்த மொழியில் நாலு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் சொன்னது என்னைப் பற்றி என்பதும், அதில் புகழ்ச்சி இல்லை என்பதும் தெளிவாகப் புரிந்தது.

கோச்சடையிலிருந்து வில்லாபுரம் வர வேண்டுமென்றால் காளவாசலைக் கடக்க வேண்டும். அங்கே நெரிசலைக் குறைக்க மேம்பாலம் கட்டி, அதே நெரிசலை மேலே பாதி கீழே பாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிநேகிதன் கீழ்ப் பாதியில் மாட்டினான். ஒரு லாரி திரும்ப முடியாமல் நிற்பதாகப் போனில் நேர்முக வர்ணனை கொடுத்தான். அவன் வாசலில் கல் மேல் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டின்படி இந்நேரம் நான் கோயமுத்தூரில் இறங்கி இட்லி சாப்பிட்டிருக்க வேண்டும். கோச்சடைக்கும் வில்லாபுரத்துக்கும் எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று எந்த இணையப் பக்கமும் இதுவரை கோடு போட்டுக் காட்டவில்லை. அவர்களுக்கும் அந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

பை வந்தது. டாக்ஸி பறந்தது. அன்றைக்குப் பறந்த முதல் வாகனம் அதுதான். விமான நிலையத்தில் கவுன்ட்டர் பெண் புன்னகையோடு, “சார், கவுன்ட்டர் க்ளோஸ் பண்ணிட்டோம் சார்” என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருந்தது. அதன் ஏணியில் இன்னும் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் பை நேற்றே கிளம்பிவிட்டது, சட்டப்படி நான் பயணத்தில்தான் இருக்கிறேன் என்று அவளிடம் எப்படி விளக்குவது?

வெளியே வந்தேன். சிநேகிதன் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

“மாப்ள, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஏறு வண்டில. ஆரப்பாளையத்துல விடுறேன். ராத்திரி தங்கச்சி வீட்ல தோசை சாப்பிடலாம்.”

அவன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அப்போது மூன்று மணி. எட்டரை மணிக்குள் நான் கோயமுத்தூரில் இருந்திருப்பேன். இந்த இடத்தில்தான் என்னைப் பற்றி நானே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வீம்பு அதிகம். அத்தையிடம் சொல்லியாயிற்று, சித்தப்பாவிடம் சொல்லியாயிற்று, பெயிண்டு கடைக்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வருவதாக இருந்தார். அவர் முன்னால் அரசு பஸ்ஸிலிருந்து பையும் கையுமாக இறங்குவதை நினைத்தாலே உடம்பு கூசியது.

“சாயங்கால பிளைட்ல போயிக்கிறேன்” என்றேன்.

“அது கோயமுத்தூரு போகுமா?”

“சென்னை போகும். அங்கருந்து கால பிளைட்.”

அவன் ஸ்கூட்டரைத் திருப்பினான். அந்த ஸ்கூட்டர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் திரும்பி வருவான் என்று தெரியும். கூப்பிடவில்லை.

தங்கைக்குப் போன் செய்தேன். விமானத்தை விட்டுவிட்டேன், காலை பத்து மணிக்குத்தான் கோயமுத்தூரில் இறங்குவேன், மண்டபத்துக்கு வரப் பதினொன்று ஆகிவிடும் என்றேன். அவள் சொன்ன நேரம் பத்தே காலோடு முடிகிறது. அவள் கத்துவாள், அழுவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

“சரிண்ணே. பாத்து வா. வேளைக்குச் சாப்பிடு” என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தெம்பாக இருந்திருக்கும். போன தடவையும் இப்படித்தான் சாப்பிடச் சொன்னாள். என்னை நம்புவதை அவள் விட்டுவிட்டாள் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அடித்த ஜம்பம் எல்லாம் அந்த ஒரு ‘சரிண்ணே’வில் காலியாகிவிட்டது.

சாயங்காலம் பாதுகாப்புச் சோதனையில் பாக்குவெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அதிகாரிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. வடக்கத்திக்காரர். அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, “யே க்யா ஹை?” என்றார். காத்துக் கருப்புக்கு என்பதை இந்தியில் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி இல்லை. குப்பைத் தொட்டியில் போட்டார். இரும்புக் காவலும் போன பிறகு விமானம் ஏறினேன். அது கோயமுத்தூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே பறந்தது. ஜன்னல் பக்கம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. பெரியப்பா மகன்தான் கண்ணுக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்நேரம் புதுச் சட்டை தைத்து வைத்திருப்பான். சென்னையில் இரும்பு நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கோயமுத்தூரில் இறங்கியபோது மாப்பிள்ளை காரோடு நின்றார். முகத்தில் கோபமே இல்லை. “வாங்க மச்சான், பயணமெல்லாம் சௌகரியமுங்களா?” என்றார். அவமானப்படுத்துவதற்கு இதைவிட நாகரிகமான வழி இருக்க முடியாது என்று நினைத்தேன். காரில் ஏறி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிய மொட்டைத் தலையோடு பயல் எவன் மடியிலோ உட்கார்ந்து, அழுது முடித்துத் தூங்கியிருப்பான். இந்தக் கடுக்கனை இனி யாரிடம் கொடுப்பது?

மண்டபத்துக்குள் நுழைந்தபோது பதினொன்றே கால். மேடையில் ஒருவரும் இல்லை. சமையல் பக்கம் இப்போதுதான் கறிவேப்பிலை தாளிக்கும் வாசனை வந்தது. பெரியப்பா மகன் பழைய சட்டையில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். காது குத்தும் ஆசாரி ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் மருமகன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு காதும் முழுசாக இருந்தன.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பத்திரிகைகள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். பன்னிரண்டே கால் முதல் ஒன்றே கால் வரை என்று போட்டிருந்தது. என் பையின் பக்கவாட்டு ஜிப்பில் என்னுடைய பத்திரிகை இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை. அதே தாள், அதே பிள்ளையார், அதே எழுத்து. என் மனைவி பந்திப் பக்கம் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் வேகமாக நடந்து போனாள்.

தங்கை வந்தாள். இரண்டு பத்திரிகையையும் என் கையில் பார்த்தாள்.

“இது எம்புட்டு அடிச்ச?” என்று என் பத்திரிகையை நீட்டிக் கேட்டேன்.

“ஒண்ணுதான். அச்சகத்துக்காரரு ஒரு பத்திரிகையெல்லாம் அடிக்க மாட்டேன்னாரு. கெஞ்சி வாங்குனேன்.”

“நேத்துப் போன்லயாவது சொல்லியிருக்கலாமே. ராத்திரி பூரா செத்துக்கிட்டிருந்தேன்.”

“சொல்லியிருந்தா காலைலயும் ஒரு பிளைட்ட விட்ருப்ப.”

எனக்கும் தனக்கும் இடையில் இருக்கிற தூரத்தை இவள் ஒருத்திதான் சரியாக அளந்து வைத்திருக்கிறாள். மூன்று மணி நேரம். அதையும் ஒரு மணி நேரம் மிச்சம் வைத்து.

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். “மூத்தவ காதுகுத்துக்கே இப்பிடி ஒண்ணு அடிச்சிருக்கணும்ணே. அப்ப எனக்குப் புத்தி வரல” என்று சொல்லி உள்ளே போனாள்.

பன்னிரண்டே காலுக்கு மேடையில் உட்கார்ந்தேன். பட்டு வேட்டியைச் சுற்றிப் பயலை என் மடியில் வைத்தார்கள். சூடாக இருந்தான். என் கட்டை விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போட்டோக்காரர் மாமனைச் சிரிக்கச் சொன்னார். தங்கை நேர் எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

ஆசாரி ஊசியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, இன்னும் குத்தவே இல்லீங்களே” என்றார்.